குறைப்புக் கண்ணாடி

எதுவும் தானாக வந்து சேரும்வரை பொறுத்திருக்க இந்தக் காலத்து ஆட்களுக்கு முடிவதில்லை என்பது தங்கப்பழத்தின் தீராத எரிச்சல். மழை விழுவதற்கு முன்பே செல்போனைப் பார்த்துக் கொடித்துணியை எடுத்துவிடுகிறார்கள். வள்ளம் கரையேறும் முன்பே சீலா மீனுக்கு விலை பேசி முடித்துவிடுகிறார்கள். பிள்ளை வயிற்றில் கிடக்கும்போதே அது யார் மூக்கு என்று இரண்டு வீட்டாரும் சண்டை போடுகிறார்கள். வரட்டும், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால், கிழவனுக்கு வேறு சோலி இல்லை என்கிறார்கள்.

அவர் ஆயுசுக்கும் லாரி ஓட்டியவர். கைகாட்டிப் பலகையை நம்ப மாட்டார். இறங்கி ஒரு ஆளிடம் வழி கேட்பார். அந்த ஆளையும் நம்பாமல் இன்னொரு ஆளிடம் கேட்பார். அதற்கப்புறம்தான் ஸ்டியரிங்கை வளைப்பார்.

அப்படிப்பட்டவரிடம் போன தை மாதம் கப்பல் விட்ட கம்பெனிக்காரர்கள் வந்து, வானத்தில் போன கப்பலின் விளக்கு அணைந்து ரொம்ப நாளாகிவிட்டது, உள்ளே இருந்தவர்கள் யாரும் உயிரோடு இருக்க வழியில்லை என்று சொல்லி, மகள் ஜெயக்கொடியின் படத்தைச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்தார்கள். படத்தை வாங்கிக்கொண்டார். மாலை போடவில்லை. காரியம் எப்போது என்று சொந்தக்காரர்கள் கேட்டதற்கு, "எவன் பாத்தான்?" என்று திருப்பிக் கேட்டார். அதோடு சரி.

மருமகன் சேர்மத்துரையின் நிலைமை வேறு. கல்யாணமான ஆறாம் மாசம் பெண்டாட்டியை வானத்துக்கு அனுப்பிவைத்தவன். இருபது வருஷத்தில் திரும்பி வருவோம் என்று சொல்லிப் போன கப்பல் அது. ஊரே அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் பத்து வருஷம் காத்திருந்தான். கம்பெனிக்காரன் கையை விரித்த பிறகு அவனுடைய அம்மா விடவில்லை. உடன்குடியில் பெண் பார்த்து, ஆனி மாதம் முகூர்த்தமும் குறித்தாயிற்று. தங்கப்பழம் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் எந்த வாயால் எதைச் சொல்வது?

இப்படி இருக்கும்போதுதான் எப்சிபா வந்தாள். ஜெயக்கொடியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். இப்போது தூத்துக்குடியில் காலேஜ் டீச்சர். சாயங்காலம் தேரிக்கு வாருங்கள், ஒரு கண்ணாடியைச் சோதிக்கப் போகிறேன், கப்பல் இருக்கிற திசையைப் பார்க்கலாம் என்றாள்.

"பாத்தா அவ கையாட்டுவாளாக்கும்" என்றார் தங்கப்பழம். ஆனாலும் போனார்.

செம்மணல்விளை ஊருக்குப் பின்னால் தேரி மணல் மேடு மேடாகச் சிவந்து கிடந்தது. பொழுது அப்போதுதான் விழுந்திருந்தது. எப்சிபா இரண்டு வெள்ளைக் குழல்களை முக்காலிகளில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். இரண்டும் ஒரே அச்சு. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு கேமரா. இரண்டுக்கும் தனித்தனி லேப்டாப். சேர்மத்துரை முன்னமே வந்து கைகட்டி நின்றான். தங்கப்பழத்தின் செத்துப்போன மனைவியின் தம்பி வேல்ச்சாமியும் வந்திருந்தார். எங்கே கூட்டம் கூடினாலும் அங்கே இருக்கும் மனுஷர் அவர்.

எப்சிபா ஒரு டப்பாவைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து தேன் நிறத்தில் ஒரு வில்லையை எடுத்தாள். பெரிய பாட்டில் மூடி மாதிரி திருகு மரை போட்ட உலோக வளையத்துக்குள் இருந்தது.

"என்னம்மா இது?"

"குறைப்பான்ப்பா."

"குரைக்கதுக்கா? அதுக்கு எங்க வீட்ல ஒன்னு கெடக்கே. கண்ணாடி வேற வாங்கணுமா?"

வேல்ச்சாமி வயிறு குலுங்கச் சிரித்தார். எப்சிபாவும் சிரித்துவிட்டாள்.

"சாதாரணக் குறைப்பான் கடையிலயே கெடைக்கும்ப்பா. டெலஸ்கோப்புக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டினா, நீளமான குழல் குட்டைக் குழல் மாதிரி வேலை செய்யும். வானத்துல நெறைய இடம் ஒரே படத்துல விழும். சீக்கிரமாவும் விழும். இது நானா வளத்த படிகம். மூணு வருஷம் ஆச்சு. இது குழலோட நீளத்தைக் குறைக்கதோட நிக்கல. வெளிச்சம் வந்த வழியவே குறைக்குது. பத்து நாள் நடந்து வர்ற வெளிச்சத்த ஏழு நாள்ல கொண்டாந்து சேத்துடும்."

"எப்படி?"

"நீங்க மதுரைக்குள்ள போய் சுத்தாம வெளிய கூடிப் போவீங்கள்லா, அந்த மாதிரி. பைபாஸ் போட்டிருக்கேன்."

"பைபாஸ் போட்டா டோல்கேட்டும் வைப்பாம்லா" என்றார் தங்கப்பழம்.

அவள் வில்லையை ஒரு குழலில் மட்டும் மாட்டினாள். மற்றதை வெறுமனே விட்டாள். முதல் படம் விழுந்ததும் அவள் முகம் வாடியது. நடுவில் இருந்த நட்சத்திரங்கள் குண்டூசித் தலை மாதிரி சுத்தமாக இருந்தன. நாலு மூலையிலும் இருந்தவைக்கு வால் முளைத்திருந்தது.

"பாத்தியா, வாலு" என்றார் தங்கப்பழம், கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில்.

"இடைவெளி சரியில்ல. கண்ணாடிக்கும் கேமராவுக்கும் நடுவுல ஒரு முடி அளவு கூடினாலும் குறைஞ்சாலும் இப்படித்தான் மூலை கோணும்." திருகிக் கழற்றினாள். காகிதம் கனத்தில் ஒரு பித்தளை வளையத்தை உள்ளே போட்டாள். மறுபடியும் வால். இன்னொரு வளையம் போட்டாள். இப்போது வால் எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. முதல் வளையத்தை எடுத்துவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்தாள். வேல்ச்சாமிக்கே பொறுக்கவில்லை. "இன்னுங் கொஞ்சம் இறுக்கும்மா, இறுக்கும்மா" என்று கொல்லன் பட்டறையில் நிற்பவர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த படத்தில் மூலைக்கு மூலை எல்லாம் உருண்டையாக நின்றன. எப்சிபா கைதட்டினாள். யாரும் சொல்லாமலே சேர்மத்துரையும் தட்டினான்.

"இது கண்ணாடி நேரா இருக்கதுக்கு. வழியைக் குறைக்குதா இல்லையான்னு இப்பப் பாப்போம்" என்று இரண்டு குழல்களையும் வியாழன் பக்கம் திருப்பினாள். இரண்டு திரையிலும் ஒரே மாதிரி ஒரு வெள்ளை உருண்டை, பக்கத்தில் பொட்டுப் பொட்டாக நாலு நிலா. "இந்த ஓரத்து நிலா இன்னிக்கு வியாழனுக்குப் பின்னால போய் மறையும். வெறுங்குழல்ல மறையுறதுக்குச் சுமார் பன்னிரண்டு நிமிஷம் முன்னாடியே இந்தக் குழல்ல மறையணும். மறைஞ்சா நான் ஜெயிச்சேன்."

"மறையாட்டி?"

"மூணு வருஷச் சம்பளம் போச்சு."

நாலு பேரும் லேப்டாப்பைச் சுற்றிக் குத்தவைத்தார்கள். கண்ணாடி மாட்டிய குழலின் திரையில் அந்தப் பொட்டு உருண்டையை ஒட்டிக்கொண்டு வந்தது. ஒட்டியது. மங்கியது. இல்லை.

பக்கத்துத் திரையில் அதே நிலா பளிச்சென்று நின்றது.

எப்சிபா வாயைப் பொத்திக்கொண்டாள். வேல்ச்சாமி, "ஏ அய்யா! ஏ அய்யா!" என்று எழுந்தே விட்டார்.

"அழிச்சிட்ட" என்றார் தங்கப்பழம். "கம்ப்யூட்டர்ல என்ன வேணும்னாலும் அழிக்கலாம். எம் பேரன் வயசுப் பயலுவ செத்த ஆளையே ஆட வைக்கானுவ."

"சரிப்பா, நான் எதையும் தொடல. இந்த வெறுங்குழலு முன்னாலயே இருங்க. மறையுதான்னு நீங்களே பாருங்க."

அவர் இருந்தார். அவளைப் பொய்க்காரி என்று நிரூபிக்கத்தான் இருந்தார். முட்டி வலித்தது, அசையவில்லை. அவளுடைய கைகளை மணலில் ஊன்றச் சொல்லி அதையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டார். பீடி பற்றவைக்கக்கூட மறந்துபோனார். அந்தச் சின்னப் பொட்டு அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருண்டையை ஒட்டியது, மங்கியது, போயிற்று. அவள் சொன்ன கணக்குக்கு அச்சாக.

தங்கப்பழத்துக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி சிலிர்த்தது. அதை வெளியே காட்டினால் அவர் தங்கப்பழம் இல்லை. "ம்" என்றார்.

"இப்ப கப்பலைப் பாப்போமாப்பா?" என்று கேட்டாள். "அது இருக்க தூரத்துக்கு வெளிச்சம் இங்க வர பதிமூணு பதினாலு மாசம் ஆகுது. இந்தக் கண்ணாடியில நாலு மாசம் மிச்சம்."

"நாலு மாசம் கழிச்சு நடக்கப் போறத இப்பவே காட்டுமோ? சோசியமா?"

"சோசியம் இல்ல. அங்க நடந்து முடிஞ்சது. நம்மகிட்ட வந்து சேரல, அவ்வளவுதான்."

தெற்கே, கடல் பக்கமாகக் குழல்கள் திரும்பின. வெறுங்குழலில் நட்சத்திரங்கள் மட்டும் இருந்தன. எட்டு மாதமாக உலகத்தில் எல்லாக் குழலிலும் அப்படித்தான் இருந்தது. கண்ணாடி போட்ட குழலில் முதல் படத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில், அதுவரை ஒன்றும் இல்லாத இடத்தில், பச்சையாக ஒரு புள்ளி.

நாலு தலையும் திரைமேல் முட்டிக்கொண்டன.

"விளக்கு" என்றான் சேர்மத்துரை. "மாமா, கப்பல் விளக்கு!"

"கழத்து" என்றார் தங்கப்பழம். "அந்தக் கண்ணாடியக் கழத்து."

எப்சிபா கழற்றினாள். புள்ளி போயிற்று. மாட்டச் சொன்னார். வந்தது. மறுபடி கழற்றச் சொன்னார். மறுபடி மாட்டச் சொன்னார். அந்தக் குழலில் இருந்து எடுத்து இந்தக் குழலில் போடச் சொன்னார். இந்தக் குழலிலும் வந்தது.

"மின்னுது" என்றாள் எப்சிபா. "சும்மா எரியல. குட்டையா ஒன்னு, நெட்டையா ஒன்னு. எழுத்து அனுப்புறாங்க. விளக்குல சக்தி இல்ல போல, ரொம்ப மெதுவா வருது. திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை." லேப்டாப் ஒவ்வொரு எழுத்தாகக் கோர்த்தது. முதலில் 'வா' விழுந்தது.

"வாழைப்பழம்" என்றார் வேல்ச்சாமி, நிலைகொள்ளாமல்.

"செத்த சும்மா கெடலே" என்றார் தங்கப்பழம்.

அடுத்தது 'றோ'. அதற்கடுத்தது 'ம்'.

எப்சிபா அப்படியே மணலில் மண்டிபோட்டாள். "வாறோம்! ஜெயாதான்ப்பா இது! கப்பல்ல மத்தவங்க எல்லாம் மெட்ராஸு, கோயமுத்தூரு. அவங்கன்னா வருகிறோம்னு அனுப்புவாங்க, இல்ல வர்றோம்னு அனுப்புவாங்க. நெடில் 'வா' போட்டு வாறோம்னு எழுதுறதுக்கு அந்தக் கப்பல்ல ஒரே ஒரு ஆளுதான் இருக்கு. காலேஜ்ல இதுக்காகவே அவளுக்கு மார்க்கு குறைச்சாங்க! உசுரோட இருக்காப்பா. எல்லாரும் இருக்காங்க. வாறாங்க!"

சேர்மத்துரை சிரித்தான், அழுதான், இரண்டையும் ஒன்றாகச் செய்தான். பிறகு மணலில் உட்கார்ந்து போனை எடுத்தான்.

"பொறுலே" என்றார் தங்கப்பழம். "யாருக்குப் போடுத?"

"உடன்குடிக்கு மாமா. கல்யாணத்த நிறுத்தணும்லா."

"பொறுன்னு சொல்லுதேன். அது வந்து சேரலன்னு இவளே சொல்லுதா. வராத வெளிச்சத்த வச்சு ஒரு பிள்ளையோட கல்யாணத்த நிறுத்துவியா?"

யார் கேட்டார்கள்? வேல்ச்சாமி அதற்குள் பாதி ஊருக்குப் பேசி முடித்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் தேரியில் கோயில் கொடை நடக்கிற மாதிரி கூட்டம். சுக்குக் காப்பிக்காரன் வந்துவிட்டான். வெடி போட்டார்கள். டி.வி.க்காரர்கள் வந்து எப்சிபாவைக் கண்ணாடியோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். கம்பெனிக்காரனைத் திட்டுவதற்கென்றே ஒரு கும்பல் மேட்டில் ஏறி நின்றது. தங்கப்பழத்தின் கையைப் பிடித்துக் குலுக்காத ஆள் இல்லை. சட்டம் போட்ட படத்தை உடைத்துப் போட்டுவிடுங்கள் என்றான் ஒருவன். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றார் அவர்.

சேர்மத்துரை மட்டும் கூட்டத்தை விட்டு விலகி நின்றான். தங்கப்பழம் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"உடன்குடியில என்ன சொன்னாவ?"

"அவங்க அப்பா ரொம்பப் பேசினாரு மாமா. பேசட்டும், பேச வேண்டியதுதான். பெறகு அந்தப் பிள்ளையே போனை வாங்கிச்சு. நல்ல சேதின்னு சொல்லிச்சு. அவிய எப்ப வருவாவன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"எப்சிபாகிட்ட கேட்டேன். போன வழியெல்லாம் திரும்பி வரணும், இன்னும் பத்து வருஷமாவது ஆகும்னாங்க. அத எப்படி மாமா அந்தப் பிள்ளைட்ட சொல்ல? வருவான்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டேன்."

பத்து வருஷம். தங்கப்பழம் தன் முட்டியைத் தடவிக்கொண்டார். அவருக்கு அந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று தெரியும்.

திடீரென்று லேப்டாப் பக்கம் சத்தம் அடங்கியது. பச்சைப் புள்ளி நின்றுபோயிருந்தது. மின்னவில்லை, எரியவும் இல்லை. எப்சிபா இடைவெளியைச் சரிபார்த்தாள், கண்ணாடியைத் துடைத்தாள், நட்சத்திரங்களைப் பார்த்தாள். மூலை வரைக்கும் எல்லாம் உருண்டையாக இருந்தன. விளக்கு மட்டும் இல்லை. ஒரு பொம்பிளை அழ ஆரம்பித்தாள்.

எப்சிபா நெற்றியைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். பிறகு துள்ளி எழுந்தாள். "அழாதீங்க, அழாதீங்க! அந்த விளக்கு கப்பலோட பின்பக்கம் இருக்கு! அப்பா, உங்களுக்குத் தெரியுமே. எதிர்ல வர்ற லாரியோட பின்விளக்கு உங்க கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதேதான்! கப்பல் திரும்பிடுச்சு. மூக்கு இப்ப நம்ம பக்கம். அதான் விளக்கு மறைஞ்சிட்டு. வாறோம்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாங்க. திரும்ப வேண்டிய இடமும் அதுதானே!"

கூட்டம் போட்ட கூச்சலில் பனைமரத்து ஆந்தை எழுந்து பறந்தது. எப்சிபாவைத் தூக்கிவிட்டார்கள். மிச்சம் இருந்த சரவெடியையும் கொளுத்திவிட்டார்கள். தங்கப்பழமே ஒரு கணம் தெற்கே ஏறிட்டுப் பார்த்தார். எதிரே வருகிற வண்டி. கறுப்பாக, விளக்கில்லாமல், ஆனால் வருகிறது. அப்படியும் இருக்கலாமே?

வெடிப்புகை கலைந்ததும் கூட்டமும் கலைய ஆரம்பித்தது. வேல்ச்சாமி வேட்டியை மடித்துக் கட்டி, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டு அத்தான் முன்னால் வந்து நின்றார்.

"சரி அத்தான். பொழுதாச்சு. அப்ப, வாறோம்."

சொல்லிவிட்டுத் திரும்பி இரண்டு எட்டு வைத்தவர், பாதியில் நின்றார்.

பக்கத்தில் இருந்தவர்களும் நின்றார்கள். சேர்மத்துரை தலையை நிமிர்த்தினான். எப்சிபா கையில் இருந்த வில்லையை மூடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள். அந்தக் கை அப்படியே நின்றது.

வாசலை விட்டு இறங்கும்போது போகிறோம் என்று இந்தப் பக்கத்தில் எவரும் சொல்ல மாட்டார்கள். சாகக் கிடக்கிற ஆள் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போதும் போகிறோம் என்று சொல்ல மாட்டார், வாறோம் என்றுதான் சொல்வார். பத்து வருஷத்துக்கு முன்னால் இடுப்பில் பையைச் சாய்த்துக்கொண்டு ஜெயக்கொடியும் இதையேதான் சொல்லிவிட்டு வண்டி ஏறினாள்.

"இல்லப்பா" என்றாள் எப்சிபா. "திரும்பிருக்காங்க. விளக்கு... விளக்கு மறைஞ்சது அதனாலதான்."

"விளக்கு செத்தாலும் மறையும்" என்றார் தங்கப்பழம்.

"அப்படியும் இருக்கலாம்தான். ஆனா..."

"நாக்கத் தப்பா நீட்டிட்டேன் அத்தான்" என்று வேல்ச்சாமி அழுகிற மாதிரி சொன்னார். "வாயி தவறி வந்துட்டு."

"நீ தப்பா ஒன்னுஞ் சொல்லலடே. எல்லாரும் சொல்லுததத்தான் சொன்ன. வீட்டுக்குப் போ."

சேர்மத்துரை வந்து எதிரே நின்றான். இருட்டில் அவன் முகம் தெரியவில்லை. "மாமா, இப்ப நான் என்ன செய்ய? ஆனி மாசம் இன்னும் தாண்டல."

"என்னிய எதுக்குக் கேக்க? நேத்து நான் பொறுன்னப்ப கேட்டியா?" என்று பாய்ந்தவர், அவன் கையில் போனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்தார். "நாளைக்கு விடிஞ்சதும் உடன்குடிக்குப் போ. போன்ல வேண்டாம். அந்தப் பிள்ள முன்னால உக்காந்து, வந்தது ஒரே வார்த்தை, அதுக்கு ரெண்டு பக்கம் இருக்கு, எது எதுன்னு எங்க யாருக்கும் தெரியலன்னு சொல்லு. பெறகு அது என்ன சொல்லுதோ கேளு. இத்தன பேரு வெடி போட்டானுவ, அந்தப் பிள்ளைட்ட எவனாவது ஒரு வார்த்தை கேட்டானா?"

எப்சிபா குழலில் கையை ஊன்றி யோசித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் மறுபடியும் அந்த மினுமினுப்பு வந்ததை அவர் கவனித்தார்.

"அப்பா, இதே மாதிரி இன்னொரு வில்லை வளத்து, ஒன்னுக்குப் பின்னால ஒன்னா மாட்டினா பத்து ஏழாகும், ஏழு அஞ்சாகும். நாலு மாசத்துக்குப் பதிலா ஏழு மாசம் மிச்சம். திரும்பிருந்தா இஞ்சின் வெளிச்சமே நம்ம பக்கம் தெரிய ஆரம்பிச்சிடும். நிச்சயமாச் சொல்லிடலாம். ஒரு வருஷம் குடுங்க, போதும்."

"அந்த ஒரு வருஷத்துல உன் ஏழு மாசமும் தன்னால வந்துடுமேம்மா."

அவள் விரல்விட்டு மாதங்களை எண்ணினாள்.

"மூணாவது ஒன்னும் மாட்டுவ. அதுலயும் ஒரு வெளிச்சம் வரும். அதுக்கும் ஊரு கூடி வெடி போடும். கம்பெனிக்காரன் செத்தான்னான், நான் நம்பல. நீ இருக்கான்னு சொல்லுத. நீ நல்ல பிள்ளதான், அதுக்காவ அதையும் நம்ப முடியுமா? வாறவ வந்து நிக்கட்டும்."

"உங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்னு ஆசையே இல்லயாப்பா?"

அவர் அவளை முறைத்தார். அதற்கு மேல் ஏதாவது கேட்டால் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடும் போல் இருந்தது.

துண்டை உதறித் தோளில் போட்டார். நாலு பேர் கூடி நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார். எப்சிபா அதற்காகக் காத்திருக்கிற மாதிரி நின்றாள். வேல்ச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். தங்கப்பழம் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், தெற்குப் பக்கம் ஏறிட்டும் பார்க்காமல், கால் புதையப் புதைய மணலில் இறங்கி நடந்தார். பின்னால் திருகாணி கழல்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் மாட்டுகிறாள் போல. மாட்டட்டும் என்று நடந்தார்.